பத்தாயிரமாவது வாசகர்

“அம்சம், நம்ம வயல்ல புகையான் பூச்சி வந்துருச்சு. நாளைக்கே மருந்தடிச்சிடணும்” என்றார் வீரையன், மனைவியிடம்.

“மருந்தே வேணாங்க. வயல் முழுக்க சிலந்தி இருக்கு. அதுங்களே புகையானைத் தின்னுடும்.”

“ஒனக்கென்ன தெரியும்? ரெண்டு ஏக்கர் சம்பா. போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

அம்சம் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வீரையன் செல்போனில் ஒரு வலைப்பூவைத் திறந்தார். வயல்களில் இருக்கும் சிலந்திகளைப் பற்றி மட்டுமே எழுதும் ‘வயல் சிலந்தி’ என்ற வலைப்பூ அது. எழுதுகிறவரின் பெயரும் கிடையாது, படமும் கிடையாது. ஆனால் கீழ்வேளூர் டீக்கடை வரை அதைப் பற்றித்தான் பேச்சு. பத்தாயிரம் வாசகர்களுக்கு இன்னும் ஒருவர்தான் பாக்கி என்று அதில் போட்டிருந்தது. வீரையன் உடனே சேர்ந்துகொண்டு, கேள்வியையும் தட்டிவிட்டார்.

“சார், நான் கீழ்வேளூர் வீரையன். சம்பாவுல புகையான் விழுந்திருக்கு. மருந்தடிக்கலாமா? வீட்டுல வேணாங்குறாங்க. அவங்களுக்கு விவரம் பத்தாது.”

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

“வாழ்த்துகள்! நீங்கதான் எங்க பத்தாயிரமாவது வாசகர். உங்க வயலை நேத்து எறங்கிப் பார்த்தேன். ஒரு குத்து நெல்லுக்கு ரெண்டு மூணு சிலந்தி இருக்கு. மருந்து வேணாம்.”

‘நம்ம வயலை இவர் எப்ப வந்து பார்த்தாரு?’ வீரையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அடுத்த வரியும் வந்து விழுந்தது.

“சந்தேகம் இருந்தா கொல்லைப்பக்கம் வாங்க. சார் இங்கதான் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காரு.”