இருப்புக் கொள்ளாதவர்

பிழைக்க வழியில்லாதவர்களுக்காக சர்ச் நடத்தும் காப்பகம் அது. கட்டிலில் மனைவி கண்மூடிப் படுத்திருக்க, அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே சர்ச், கடல் தாண்டி ஏழைகளுக்காகத் தொடங்கிய கூட்டுப் பண்ணையைப் போன மாதம் வரை கவனித்தவர், போனும் கையுமாக அறையை அளந்துகொண்டிருந்தார்.

"நாத்து வாடுதா? வேரைச் சுத்தி வைக்கோல் மூடாக்கு போட்டீங்களா, இல்லையா?"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க சார்."

"அங்க பயிர் கருகுதும்மா. இங்க இவ சோறு தண்ணி இல்லாம கெடக்குறா. எதைன்னு பாக்குறது?"

"போனை வைங்க மொதல்ல. ராத்திரியெல்லாம் முழிச்சு உங்களைப் பாத்துக்கிட்டவங்க, இப்பதான் உங்க கட்டில்ல சாஞ்சாங்க. தூங்கட்டும். உங்களுக்கு ஊசி போடணும், உக்காருங்க."

நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அவ முழிக்கிறதுக்குள்ள போட்டுடும்மா. வலி கூடிட்டது அவளுக்குத் தெரிய வேணாம்."