முதல் பஸ்ஸின் நெளிவு

சென்னியப்பன் முதலாளி கேட்டது, அவருடைய முதல் பஸ்ஸை அப்படியே முழ நீளப் பொம்மையாக. கம்பெனியின் வெள்ளி விழாவுக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். தெய்வாத்தாள் எண்ணெய் டின்னை வெட்டி உடம்பு செய்தாள், சீட்டுகளுக்கு ரெக்சின் தைத்தாள், நாலு மயிர்த் தூரிகையால் பக்கவாட்டில் மயில் வரைந்தாள். பார்க்க வரும்போதெல்லாம் முதலாளி ஒரு தப்புக் கண்டுபிடித்தார். அந்த வண்டியைத் தன்னைப் போல அறிந்தவன் எவனுமில்லை என்பது அவர் பெருமை.

"ஹாரன் வலப்பக்கம், அம்மணி."

மாற்றினாள்.

"மயிலு இத்தன பச்சையில்ல."

மாற்றினாள்.

முன்பு, அவள் புருஷன் மாரப்பனின் சைக்கிளை அந்த பஸ் தொடவேயில்லை, வண்டியில் ஒரு கீறல்கூடக் கிடையாது என்று கோர்ட்டில் அவர் சத்தியம் செய்தபோது, அவள் பின்னால் நின்றிருந்தாள். அவன் தானாக விழுந்து செத்தானாம். அவர் முகத்தை அவள் மறக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்ததேயில்லை.

எல்லாம் முடிந்தபின் முன்பக்கத்தின் நட்டநடுவில் சுத்தியலால் ஒரே அடி அடித்து, அந்த நெளிவுக்கும் பெயிண்ட் பூசினாள்.

விழாக் கமிட்டியோடு வந்த முதலாளி குனிந்து பார்த்தார். வழக்கம்போல விரல் நீண்டது.

"அட, நெளிவு நடுவுலயா இருந்துச்சு? இடப்பக்கம், ஹெட்லைட்டுக்குக் கீழ..."

விரல் அங்கேயே நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். தெய்வாத்தாள் சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"எவ்ளோ கீழங்க?"