பூட்டிய பெயர்

பெயர்ப் பதிவகம் எளிமையான விஷயம்தான். இணையத்தில் ஒரு பெயரை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அது இன்னாருடையது என்று நினைவில் வைத்திருக்கும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ளலாம். அதைப் பாதுகாப்பதில்தான் வேலை இருக்கிறது. செம்பியனும் அவன் மனைவி கோதையும் அதை நிறுவி முடித்திருந்தார்கள். மாலையில் எல்லோருக்கும் திறந்துவிடுவதற்குள், சோதனைக்காகக் கோதை பதிந்த பெயர்களை அழித்தாக வேண்டும். செம்பியன் ஒரே கட்டளையில் அழித்தான். ‘நித்திலன்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. பூட்டப்பட்டுள்ளது என்றது திரை. பூட்டிய பெயரை மாற்றவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

“யாரு நித்திலன்?”

“காலேஜ்ல கூடப் படிச்சவன். பூட்டு வேலை செய்யுதான்னு பாக்க ஒரு பேர் வேணும்ல?”

“என் பேரப் போட்டுப் பூட்டியிருக்கலாமே.”

“உன் பேர வெச்சுத்தான் அழியுதான்னு பாத்தேன். நல்லா அழிஞ்சுது” என்று சிரித்தாள் கோதை.

செம்பியன் சிரிக்கவில்லை. தலைமைக் கணக்கில் நுழைந்து பூட்டைத் திறக்கப் பார்த்தான். பூட்டியவர் மட்டுமே திறக்கலாம் என்றது திரை. தலைமைக் கணக்கே திருடுபோனாலும் யாருடைய பெயரும் பறிபோகக் கூடாது என்று, காலையில் அந்த விதியை எழுதியவன் அவன்தான். விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான்.

“நீயே திற.”

கோதை விசைகளின் மேல் விரல்களை வைத்தாள். எதையும் அழுத்தவில்லை.

“சாயங்காலத்துக்குள்ளதானே வேணும்?” என்றாள்.