பார்த்த அன்றே

பழைய டயர் ஒன்றை மேசைமேல் வைத்தாள் அவள். அதன் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு.

"காத்து இறங்கல, சத்தமும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?"

"உயிர் மேல ஆசை இல்லையா?" டயர்க்கடைக்காரர் புடைப்பைத் தடவிக் காட்டினார். "உள்ள நூல் அறுந்தாத்தான் வெளிய இப்படி உப்பும். தொந்தரவு இல்லியேன்னு விடவே கூடாது. பார்த்த அன்னிக்கே காட்டிடணும்."

"அப்ப உங்க மார்க்காம்புக்குக் கீழ இருக்கிற கட்டி? நாலு மாசமா வலிக்கல, ஆம்பளைக்கு அங்க என்ன வந்துடும்னு என் வாயை அடைக்கிறீங்களே!" டயரைக் கொண்டுவந்த அவர் மனைவி வெடித்து அழுதாள்.

போன வாரம் தானே கழற்றி எறிந்த டயர் அது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஷட்டரை இறக்கு. டாக்டர்கிட்ட போலாம்."