ரெய்னா கிளாராவின் நாக்கு

“இலை அதே இலை, மண்ணு அதே மண்ணு. பின்ன ருசி மட்டும் எங்கடா போச்சு?”

முதலாளி தோன் ஃபாபியோ சட்டை நனைய வியர்த்துக்கொண்டு கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவர் தன் வீட்டுக்கே தேடி வருவார் என்று லியோன்சியோ கனவிலும் நினைக்கவில்லை. ஆடும் நாற்காலியை அவசரமாக இழுத்துப் போட்டான்.

தம்போரில் என்ற அந்த ஊரில் சுருட்டுத் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தோன் ஃபாபியோவின் ‘ரெய்னா கிளாரா’ சுருட்டு என்றால் தனி மவுசு. மாட்ரிட் பணக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அத்தனை புகழுக்கும் காரணம் லியோன்சியோவின் நாக்கு என்பது ஊரறிந்த விஷயம். அறுவடைக்கு அறுவடை இலையின் குணம் மாறும். எந்த மூட்டையோடு எதைச் சேர்த்தால் பழைய ருசி வரும் என்று அவன்தான் சொல்வான். மாதிரிச் சுருட்டுகளைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போவான். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பிடித்தால்தான் நாக்குக்குப் பிடிபடும் என்பான். மறுநாள் காலையில் அவன் சொல்வதுதான் வேதவாக்கு.

அந்த வேதவாக்குக்கு என்ன கேடு வந்ததோ, பிப்ரவரியிலிருந்து எல்லாம் தலைகீழ். ஒரு மாதம் மிளகாய்க் காரம், அடுத்த மாதம் வெறும் வைக்கோல். போன பெட்டிகளெல்லாம் திரும்பி வந்தன. நாளைக்கு வரப்போகும் வியாபாரி ஒருத்தர்தான் மிச்சம். அவரும் கைவிரித்தால் தொழிற்சாலையை இழுத்து மூட வேண்டியதுதான்.

தோன் ஃபாபியோவுக்கு மண்டை குழம்பியது. இலை காயவைக்கும் கொட்டகையை மாற்றினார். சுருட்டுகிறவர்களை மாற்றினார். பாதிரியாரைக் கூட்டிவந்து தீர்த்தமும் தெளித்தாகிவிட்டது. போட்டிக் கம்பெனிக்காரன் லியோன்சியோவை விலைக்கு வாங்கிவிட்டானோ என்றுகூட நேற்று நினைத்தார். இவன் முகத்தைப் பார்த்தால் அதையும் நம்ப முடியவில்லை.

லியோன்சியோவின் மனைவி ஒப்துலியா காப்பியை வைத்துவிட்டு, புருஷன் பக்கமே திரும்பாமல் உள்ளே போனாள்.

“உடம்புக்கு ஏதாவதா? மறைக்காம சொல்லு. நான் ஒண்ணும் திட்ட வரலை.”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, முதலாளி,” என்று தரையைப் பார்த்தான் லியோன்சியோ.

தோன் ஃபாபியோ சட்டைப் பையிலிருந்து புது மாதிரிச் சுருட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அப்ப என் கண்ணு முன்னாடியே இதைப் பிடி. என்ன குறைன்னு சொல்லு. நாளைக்கு அந்த ஆள் வர்றதுக்குள்ள கலவையை மாத்திடலாம்.”

மறுக்க வழியில்லை. லியோன்சியோ வாங்கி, வெட்ட வேண்டிய நுனியை வெட்டாமலேயே வாயில் வைத்துப் பற்றவைத்தான். என்ன செய்கிறான் இவன் என்று முதலாளி விழித்துக்கொண்டிருக்கும்போதே, இருமல் அவனைப் பிடித்து உலுக்கி எடுத்தது. கண்ணும் மூக்கும் ஒழுக உள்ளே பார்த்துக் கெஞ்சினான்.

“ஒப்துலியா, இந்த ஒரு தடவை மட்டும்...”

“பிப்ரவரியில நான் ஆத்துல முங்கி ஞானஸ்நானம் எடுத்தன்னிக்கே சொல்லிட்டேன், எங்க சபையில சுருட்டைத் தொடவே கூடாதுன்னு,” என்றது உள்ளேயிருந்து வந்த குரல். “பதினெட்டு வருஷமா உங்களுக்குப் பதிலா நான் பிடிச்சுப் பார்த்துச் சொன்னது போதும்.”