முத்திப்போச்சு

"இன்னும் பத்து வருஷம் புட்டியிலேயே படுக்கணும்டா, துவர்ப்பே அடங்கல..."

"அடங்கி அஞ்சு வருஷமாச்சு மாமா, பதனிட்ட தோல் வாசனை வருது..."

பழைய போர்தோ ஒயின் புட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, சவேரியானும் மனைவியின் தம்பி எதுவாரும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். சவேரியானை மனநல மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவன் எதுவார்தான். அவர் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது.

எதுவார் சிரித்தான். "கத்தாதீங்க மாமா. முத்திப்போச்சு, அவ்வளவுதான்." இன்னொரு வாய் உறிஞ்சினான்.

சவேரியான் புட்டியை மேசை விளிம்பில் அடித்து உடைத்தார். ஒயின் இருவர் மடியிலும் கொட்டியது. உடைந்த கழுத்தின் கூர்முனைகளை மைத்துனனின் தொண்டையில் வைத்து அழுத்தினார். விழுங்கினால் கிழியும். எதுவாரின் கன்னங்கள் உப்பியபடியே நின்றன. காலருக்குள் ரத்தம் இறங்கியது.

"அவசரமில்ல மச்சான், விழுங்கிட்டே சொல்லு. முத்துனது ஒயினா, நானா?"