எண்பத்தேழாம் பக்கம்

“பிளேடு வச்சு வெட்டியிருக்கு. தானா கிழிஞ்சதுன்னு யாரும் சொல்ல முடியாது,” என்று மகேந்திரன் சார் புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்தார்.

எண்பத்தாறாம் பக்கத்துக்கு அடுத்து எண்பத்தொன்பது. நடுவில் ஒரு தாள் இல்லை.

ஈப்போவில் ஷம்சாத்தின் சாப்பாட்டுக் கடை மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிறன்று நாங்கள் நாலு பேர் கூடிப் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். பேசுவோம் என்பது ஒரு மரியாதைக்கு. பெரும்பாலும் சண்டைதான். அன்றும் சற்று முன்புவரை ஷம்சாத் ஒரு நாவலை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“நானூறு பக்கம். தோட்டத்துப் பொம்பளைங்க அத்தன பேரும் அழுதுகிட்டே இருக்காங்க. எங்கம்மா தோட்டந்தோட்டமா கைலி விக்கப் போனவங்க லா. ஒரு கைலி விக்கிறதுக்குள்ள அந்தப் பொம்பளைங்க பண்ற கேலி தாங்காதுன்னு சொல்வாங்க. சிரிச்ச பொம்பளைய ஒரு எழுத்தாளரும் பாத்ததில்லையா?”

“நாவல் கற்பனை, விட்டுடலாம். வரலாறு அப்படியா?” என்று தொடங்கித்தான் மகேந்திரன் சார் இந்தப் புத்தகத்தை எடுத்தார்.

கோலா கங்சார் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் வரலாறு. எழுதியவர் காலமாகிவிட்டார். அவர் மகளிடம் மிச்சமிருந்த ஒரே பிரதியை, மகேந்திரன் சார் ஆசைப்பட்டுக் கேட்டதால், மத்தியாஸ் அண்ணன் போய் வாங்கி வந்தார். எங்கள் வழக்கப்படி, கேட்டது யாராக இருந்தாலும், புத்தகம் வரிசையாகக் கைமாறும். வாங்குகிறவர் பின்னட்டையில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். முதல் பெயர் மத்தியாஸ். பிறகு ஷம்சாத், நான், கடைசியாக மகேந்திரன் சார்.

“என் கைக்கு வர்றப்பவே அந்தத் தாள் இல்ல. அச்சடிச்சவங்க விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்,” என்றாள் ஷம்சாத்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எல்லாரும் மத்தியாஸ் அண்ணனைப் பார்த்தோம்.

“நான்தான் வெட்டினேன்,” என்றார் அவர்.

“ஏன்?”

“வேண்டாம்னு தோணுச்சு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரவல் புத்தகத்தில் யாராவது பென்சிலால் கோடு போட்டாலே எனக்கு ஆகாது. இவர் ஒரு தாளையே எடுத்துவிட்டு, வெண்டைக்காய் வேண்டாம் என்பதுபோல் சொல்கிறார்.

“எங்க தாத்தா அந்தத் தோட்டத்துல பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் அவர் கையில. மொத்தப் புத்தகத்தையும் தேடிட்டேன், அவர் பேரு ஒரு இடத்துலயும் இல்ல. அப்ப இந்தத் தாள்லதான் இருந்திருக்கணும்,” என்றார் மகேந்திரன் சார். “தாத்தாவப் பத்தி நாலு நல்ல வார்த்தை அச்சுல வந்தா இவருக்குப் பொறுக்கல. இவரும் அதே தோட்டந்தான். பால்மரம் சீவினவங்களுக்குக் கிராணி வீட்டு மேல வயித்தெரிச்சல். மூணு தலைமுறை ஆயும் அடங்கல.”

மத்தியாஸ் அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்த கைகளை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நிதானம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“வரலாற்றை வெட்டுறவருக்கு இங்க இடமில்ல. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார் மகேந்திரன் சார்.

ஷம்சாத் தயங்கித் தூக்கினாள். நான் தயங்கவில்லை.

பதினோரு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவர், “சரி லா, வாரேன்,” என்று எழுந்து படியிறங்கினார்.

எனக்கு ஆறவில்லை. பின்னாலேயே போய்க் கடைவாசலில் மறித்தேன்.

“அண்ணே, அந்தத் தாளையாவது குடுத்துட்டுப் போங்க. அது உங்க சொந்தச் சொத்து இல்ல.”

மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். நின்றபடியே படித்தேன்.

ஜப்பான்காரன் காலம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டிருக்கிறார்கள். சீட்டுப் போட்டு எடுத்ததில் பெரிய கிராணியின் மகன் பெயரும் வந்துவிட்டது. கிராணி அதை அடித்துவிட்டு, சீட்டே விழாத சவரிமுத்து என்ற பால்மரத் தொழிலாளியின் பெயரை அந்த இடத்தில் எழுதினார். சவரிமுத்துவுக்கு அப்போது கைக்குழந்தை. போனவர் திரும்பி வரவில்லை.

கிராணியின் பெயர் முழுசாக இருந்தது. மகன் பெயரும் இருந்தது. அந்த மகன்தான் மகேந்திரன் சாரின் அப்பா.

“சாருக்கு இது தெரியாதா?”

“தெரியாது. வருஷா வருஷம் தாத்தா பேர்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் பரிசு குடுக்கிற மனுசன். இதப் படிச்சா தாங்க மாட்டாரு.”

“மேல உங்கள அவ்வளவு பேசினாரே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே.”

“சொல்றதுக்கா வெட்டினேன்?”

மாடி ஜன்னலிலிருந்து மகேந்திரன் சார் எட்டிப் பார்த்தார். “புனிதா, தாள் கெடச்சுதா?”

நான் அதைக் கைக்குள் மடக்கினேன். “இல்ல சார். எரிச்சிட்டாராம்.”

“பாத்தீங்களா? இந்த வயித்தெரிச்சலத்தான் சொன்னேன்,” என்று ஜன்னலைச் சாத்தினார்.

கோபம் என்னவோ அப்படியேதான் இருந்தது. இப்போது அது முந்திக்கொண்டு கை தூக்கிய என்மேலேயே திரும்பியது. தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“நெசமாவே எரிச்சிடுங்கண்ணே. இது இருந்தா என்னைக்காவது அவர் கண்ணுல பட்டுடும்.”

மத்தியாஸ் அண்ணன் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மனசு வரல, தங்கச்சி. சவரிமுத்து எங்க தாத்தா. அவரு பேரு அச்சுல வந்திருக்கிறது இந்த ஒரு தாள்லதான்.”